சில்லருக்கு மோட்பஸ் வயரும் அலாரம் ரிலே வயரும்: எது எதற்கு, எப்படி இழுப்பது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படித்தால் புரியும். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பின்னால் இரண்டு ஏர் கூல்டு சில்லர் (ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின்), இரண்டு பம்ப், ஒரு பம்ப் பேனல். முன்னால் ஆபீஸ் ரூமில் ஒரு கன்ட்ரோலர். எல்லாம் அதன் திரையில் தெரிய வேண்டும். மோட்பஸ் என்பது மெஷின்களும் கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று பேசுகிற முறை, அதற்கான வயர் இழுத்தாயிற்று. ஆனால் இரண்டாவது சில்லர் மட்டும் அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது. அலாரம் ரிலேயில் (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் மாறுகிற ஸ்விட்ச்) என்.ஓ., அதாவது நார்மலாகத் திறந்த கான்டாக்ட்டை எடுப்பதா, என்.சி., அதாவது நார்மலாக மூடிய கான்டாக்ட்டை எடுப்பதா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைசியாக, மோட்பஸிலேயே அலாரம் வந்துவிடுகிறதே, தனியாக ரிலே வயர் எதற்கு என்று மண்டபத்து முதலாளி கேட்கிறார்.

அவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் பாதி முடிந்தது.

மோட்பஸ் வழியாக ஒரு அலாரம் ஆபீஸுக்கு வந்து சேர எத்தனை விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சில்லரின் கன்ட்ரோலர் உயிரோடு இருக்க வேண்டும். அதன் போர்ட் கெடாமல் இருக்க வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு டெர்மினலும் இறுகி இருக்க வேண்டும். ஆபீஸ் கன்ட்ரோலர் சரியான அட்ரஸை (லைனில் ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள நம்பர்) கேட்க வேண்டும், சரியான ரெஜிஸ்டரை (அந்த மெஷினுக்குள் மதிப்பு இருக்கிற இடம்) படிக்க வேண்டும், படித்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரிலே வயருக்கு வேண்டியது இரண்டு கோர் கேபிள், ஒரு காயில், ஒரு ஹூட்டர் (அலாரச் சங்கு). மோட்பஸில் தண்ணீர் எத்தனை டிகிரி, எந்த கம்ப்ரசர் ஓடுகிறது, எந்த அலாரம் நம்பர் என்று எல்லாம் கிடைக்கும், அது வேண்டும். ஆனால் 'சில்லர் நின்றுவிட்டது, ஓடி வா' என்கிற ஒரே ஒரு சேதிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. இதைத்தான் முதலாளியிடம் சொல்லுங்கள். ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஹால் சூடாவதை விருந்தாளி சொல்லித்தான் ஆபீஸுக்குத் தெரிய வேண்டுமா என்று கேளுங்கள், ஒத்துக்கொள்வார்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்பு கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றினார்கள். நம் பக்கத்து வீடுகள் உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பில் ரிசப்ஷன், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்னால் சில்லர். வயரிங் நான் செய்ததுதான். அலாரம் வந்தால் மூடுகிற கான்டாக்ட்டை எடுத்து ஹூட்டருக்குக் கொடுத்திருந்தேன். டெஸ்ட் செய்தபோது அருமையாக அடித்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கோடையில் ராத்திரி சில்லர் ஹை பிரஷரில் ட்ரிப் ஆகி நின்றது. ஹூட்டர் அடிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விருந்தினர்கள் வியர்த்து எழுந்து வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். ரிலே சரியாகப் பிடித்திருந்தது, 24 வோல்ட் புறப்படுகிறது, ஹூட்டர் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஓட்டுக் கூரைக்கு அடியில் ஏறி டார்ச் அடித்தபோது எலி கடித்த இடம் தெரிந்தது. சாம்பல் நிற உறை ஒரு விரல் நீளத்துக்குச் சுரண்டப்பட்டு, இரண்டு கோரும் அறுந்து தனித்தனியாகத் தொங்கின. செம்பின் நுனி பளபளப்பாக இல்லை, கறுத்துப்போய் இருந்தது. அதாவது அறுந்து பல நாள் ஆகியிருக்கிறது. எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அத்தனை நாளும் அந்த வீட்டில் அலாரமே இல்லை. இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன்: வயர் அறுந்தால், அறுந்ததே அலாரமாக அடிக்க வேண்டும். அப்படி இல்லாத வயரிங்கை இனி செய்வதில்லை.

இதை எப்படிச் செய்வது? நல்லபடியாக ஓடும்போது லூப்பில் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சில்லரில் பழுது வந்தால் கான்டாக்ட் திறந்து கரண்ட் நிற்கும். வயர் அறுந்தாலும் நிற்கும், டெர்மினல் கழன்றாலும் நிற்கும். ஆபீஸ் பக்கம் உள்ள ரிலே விழுந்து ஹூட்டரை அடிக்க வைக்கும்.

இங்கேதான் என்.ஓ., என்.சி. குழப்பம் வருகிறது. அந்தப் பெயரில் உள்ள 'நார்மல்' என்பது சில்லர் நார்மலாக ஓடுவதைச் சொல்வதில்லை. ரிலே காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது கான்டாக்ட் எப்படி இருக்கிறதோ அதுதான் நார்மல். சில கம்பெனி சில்லரில் அலாரம் வந்தால் ரிலே பிடிக்கும். சிலதில் நல்லபடியாக இருக்கும்போதே ரிலே பிடித்திருக்கும், அலாரம் வந்தால் விடும். இன்னும் சிலதில் மெனுவில் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதனால் 'என்.சி. எடு' என்று பொதுவாக யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பார்த்த சில்லர் வேறு, உங்களுடையது வேறு.

மீட்டரைக் கையில் எடுங்கள். வெளியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, அலாரம் ரிலேயின் காமனுக்கும் மற்ற இரண்டு டெர்மினலுக்கும் கன்டின்யூட்டி பாருங்கள். மூன்று நிலையில் பார்க்க வேண்டும்: சில்லரின் கன்ட்ரோல் சப்ளை ஆஃப், சப்ளை ஆன் ஆகி நல்லபடியாக இருக்கும்போது, வேண்டுமென்றே ஒரு அலாரம் வரவைத்தபோது. சப்ளை ஆஃபில் திறந்து, நன்றாக இருக்கும்போது மூடி, அலாரத்தில் மறுபடி திறக்கிற ஜோடி கிடைத்தால் அதுதான் உங்கள் ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இந்த வகை ரிலேயில் அது என்.ஓ. டெர்மினலாகத்தான் இருக்கும், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அலாரம் வந்தால் மட்டும் பிடிக்கிற ரிலே என்றால் என்.சி. ஜோடியை எடுக்க வேண்டியிருக்கும். வயர் அறுந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது: சில்லருக்கு சப்ளையே போய்விட்டால் ரிலே சும்மா இருக்கும், கான்டாக்ட் மூடியே இருக்கும், ஆபீஸுக்கு எல்லாம் நலம் என்றே தெரியும். அதற்கு ஃபேஸ் ஃபெயிலியர் ரிலேயின் கான்டாக்ட் ஒன்றை இதனுடன் சீரியஸில் போட்டுவிடுங்கள். அந்த ரிலே மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால்தான் பிடித்திருக்கும், சப்ளை போனால் விட்டுவிடும். ஓட்டை அடைந்துவிடும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனி ஃபியூஸ் இருந்தால், அந்த ஃபியூஸுக்குப் பிறகு ஒரு சின்ன ரிலே போட்டு அதன் கான்டாக்ட்டையும் இதே சீரியஸில் சேர்க்கலாம்.

அடுத்து, ஹூட்டரை நேராக சில்லர் ரிலேயில் கொடுக்காதீர்கள். போர்டில் உள்ள சின்ன ரிலேயின் மேல் 5 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அது ரெசிஸ்டிவ் லோடுக்கு. காயில், கான்டாக்டர், ஹூட்டர் போன்ற இண்டக்டிவ் லோடுக்கு அதில் கொஞ்சம்தான் தாங்கும். அந்த ரிலே ஒட்டிக்கொண்டால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். ஆபீஸ் பேனலில் சாக்கெட்டோடு கூடிய 24 வோல்ட் டி.சி. ரிலே ஒன்று வையுங்கள். சில்லரின் கான்டாக்ட் அதன் காயிலை மட்டும் பிடிக்கட்டும், ஹூட்டரை இந்த ரிலே பார்த்துக்கொள்ளும். கெட்டால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வேறொன்று செருகுவது ஒரு நிமிஷ வேலை. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று போடுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். காயில் விடும்போது வருகிற உதை அங்கேயே அடங்கும். ஏ.சி. காயிலாக இருந்தால் டயோடு கூடாது, ஆர்.சி. ஸ்னப்பர்தான்.

230 வோல்ட் ஏ.சி.யிலேயே கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் நீளத்துக்கு அது வேண்டாம். நீளமான கேபிளில் பக்கத்துப் பக்கத்துக் கோர்களுக்கு நடுவே கெபாசிட்டன்ஸ் இருக்கும். கான்டாக்ட் திறந்த பிறகும் அது வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். சின்ன ஏ.சி. ரிலே அதிலேயே விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அலாரம் வந்தும் ரிலே விழாது. டி.சி.யில் இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜ் விழும் என்ற பயமும் வேண்டாம்: 100 மீட்டர் தூரம், போகவர 200 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் செம்பில் 4 ஓம்கூட வராது. சின்ன காயில் 40 மில்லிஆம்பியர் எடுத்தால் 0.2 வோல்ட்கூட விழாது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போகும்போதெல்லாம் ஹூட்டர் அடிக்கும். ஈ.பி. போய் ஜெனரேட்டர் எடுத்து சேஞ்ச்ஓவர் ஆகி, சில்லர் கன்ட்ரோலர் பூட் ஆகி வரும்வரை அலறும். நான்கு தடவை அலறினால் ஐந்தாவது தடவை வாட்ச்மேன் ஹூட்டர் வயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் ஆபீஸ் ரிலேயின் என்.சி. கான்டாக்ட்டுக்கும் ஹூட்டருக்கும் நடுவே ஆன்-டிலே டைமர் ஒன்று வையுங்கள். எத்தனை வினாடி என்பதை ஊகித்து வைக்க வேண்டாம். மெயினை ஆஃப் செய்து, ஜெனரேட்டரில் எடுத்து, அலாரம் ரிலே மறுபடி பிடிக்கும்வரை வாட்ச்சில் பாருங்கள். அதற்கு மேல் அரை நிமிஷம் வையுங்கள். ஆபீஸ் பேனலின் 24 வோல்ட் சப்ளை யு.பி.எஸ்.ஸிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கரண்ட் போகும்போது அலாரமும் சேர்ந்து போய்விடும்.

மண்டபம் என்பதால் இன்னொன்று. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. சில்லர் மெயினை இறக்கி வைத்துவிடுவார்கள், அலாரம் ஓயாமல் அடிக்கும். இதற்கு மியூட் பட்டன் வைத்துக் கொடுங்கள். ஆனால் மியூட் சத்தத்தை மட்டும்தான் நிறுத்த வேண்டும், சிவப்பு லேம்ப் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அடுத்த சில்லரில் புதிதாக அலாரம் வந்தால் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு சில்லருக்கும் இரண்டு ரிலே, இரண்டு லேம்ப் தனித்தனியாக இருந்தால்தான் இது நடக்கும். மெயினை இறக்குவதைப் பற்றியும் சொல்லிவையுங்கள்: கம்ப்ரசர் ஆயிலைச் சூடாக வைக்கிற கிராங்க்கேஸ் ஹீட்டருக்கும் சேர்த்து சப்ளை போய்விடும். முகூர்த்தத்துக்கு முதல் நாளே மெயினைப் போட்டு வைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்று அந்த சில்லரின் புத்தகத்தில் இருக்கும், அதைப் பேனல் கதவில் எழுதி ஒட்டுங்கள். குளிர்ந்த ஆயிலில் கேஸ் கலந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் அடிவாங்கும்.

இப்போது ஃப்ளோ ஸ்விட்ச். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிற ஃப்ளோ ஸ்விட்சும், பம்ப் ஓடினால்தான் சில்லரை ஓடவிடுகிற பம்ப் இன்டர்லாக்கும் நேரடி வயரில்தான் சில்லருக்குள் போக வேண்டும். 'பம்ப் ஓடுகிறது என்று மோட்பஸில் தெரிகிறதே' என்று அதை வைத்து சில்லரை ஓட்ட விடக் கூடாது. தண்ணீர் ஓடாமல் கம்ப்ரசர் ஓடினால் தண்ணீர் குளிர்கிற பகுதியான எவாப்பரேட்டருக்குள் நிற்கிற தண்ணீர் உறையும். உறைந்தால் ட்யூப் வெடிக்கும். வெடித்தால் தண்ணீர் கேஸ் லைனுக்குள் போகும். அதற்குப் பிறகு அந்த சர்க்யூட்டையே பிரித்து உலர்த்தி, கம்ப்ரசரையும் மாற்றுகிற அளவுக்குப் போய்விடும். ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ஃப்ளோ ஸ்விட்ச் சரியாக எடுக்கவில்லை என்று இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஜம்பர் போட்டு ஓட்டிவிட்டு, பிறகு எடுக்க மறந்துபோன இடத்தை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயில் உள்ள வடிகட்டி, அதாவது ஸ்ட்ரெய்னர் அடைத்த அன்றைக்கு விஷயம் முடிந்தது. ஃப்ளோ ஸ்விட்ச் எடுக்கவில்லை என்றால் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், ஏர் வென்ட்டைத் திறந்து பாருங்கள், வால்வைப் பாருங்கள். ஜம்பர் வயரை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

சரி, உங்கள் ஆஃப்லைன் பிரச்சினைக்கு வருகிறேன்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அட்ரஸை. ஒரே மாடல் சில்லர் இரண்டு வாங்கினால், இரண்டுமே ஃபேக்டரியிலிருந்து அட்ரஸ் 1 என்றே வருவது சாதாரணம். ஒன்றை மாற்றியிருப்பீர்கள், ஆனால் பல கன்ட்ரோலரில் சப்ளையை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் புது அட்ரஸ் ஏறும். பம்ப் பேனலில் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றுகிற கருவி) இருந்தால் அதற்கும் ஒரு அட்ரஸ் இருக்கும், அதுவும் இதோடு மோதலாம். சோதனை சுலபம். இரண்டாவது சில்லரை மட்டும் லைனில் விட்டு மற்ற எல்லாவற்றின் மோட்பஸ் வயரையும் கழற்றுங்கள். அது ஒழுங்காகப் பேசினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அங்கேதான் கோளாறு. மோட்பஸில் அட்ரஸ் 1 முதல் 247 வரை உண்டு, இடத்துக்குப் பஞ்சமில்லை. பேசுகிற வேகத்தையும் விதத்தையும் முடிவு செய்கிற பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் மூன்றும் லைனில் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

அட்ரஸ் சரி என்றால் அடுத்தது வயர் போன வழி. நீங்கள் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு சில்லருக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மோட்பஸ் போகிற இந்த இரண்டு வயர் லைனுக்கு ஆர்.எஸ். 485 என்று பெயர், அதற்கு அது ஆகாது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுக்கிற பழக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். இது ஒரே கோடாகப் போக வேண்டும்: ஆபீஸ், அங்கிருந்து பம்ப் பேனல், அங்கிருந்து முதல் சில்லர், அங்கிருந்து இரண்டாவது சில்லர், அங்கே முடிவு. ஒவ்வொரு டெர்மினலிலும் ஒரு ஜோடி உள்ளே வரும், ஒரு ஜோடி வெளியே போகும். ஜங்ஷன் பாக்ஸில் மூன்றாகப் பிரிக்கக் கூடாது. மறுபடி இழுக்க வேண்டாம், ஏற்கனவே கேபிள் சில்லர் வரை போயிருக்கிறது. முதல் சில்லருக்கும் இரண்டாவதற்கும் நடுவே சில மீட்டர் புதுக் கேபிள் போட்டு, ஆபீஸிலிருந்து வரும் இரண்டாவது கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டால் போதும்.

சிக்னல் முனையில் முட்டி எதிரொலிக்காமல் இருக்க, இரண்டு கடைசி முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், அதாவது டெர்மினேட்டர். நடுவில் எங்கும் கூடாது. சில கன்ட்ரோலரில் அது உள்ளேயே இருக்கும், ஒரு சின்ன ஸ்விட்சில் ஆன் ஆகி வந்திருக்கும், நமக்குத் தெரியாது. எல்லா சப்ளையும் ஆஃப் செய்து, இரண்டு வயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் காட்டினால் இரண்டு டெர்மினேட்டர் இருக்கிறது, சரி. 120 என்றால் ஒன்றுதான் இருக்கிறது. 40 என்றால் மூன்றாவதாக எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது, தேடிப் பிடியுங்கள். ஸ்டாண்டர்டுபடி ஒரு ட்ரைவர் 54 ஓம் லோடில் குறைந்தது 1.5 வோல்ட் தர வேண்டும். 40 ஓமில் அதற்கு உத்தரவாதம் இல்லை. மீட்டரை ஒரே ஒரு தடவை வைத்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிற சோதனை வேறு இல்லை.

'டெர்மினேட்டர் போட்டதும் மோசமாகிவிட்டது' என்று நீங்கள் எழுதியிருப்பதும் நடக்கக்கூடியதுதான். யாரும் பேசாத நேரத்தில் லைனைப் பிடித்துவைக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு வயருக்கும் நடுவே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் ரிசீவருக்கு அது ஒன்றா பூஜ்யமா என்று நிச்சயமாகத் தெரியும். டெர்மினேட்டர் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று இழுத்து அந்த வித்தியாசத்தைக் கரைத்துவிடும். அதற்குத்தான் பயாஸ் ரெசிஸ்டர்: பிளஸ் லைனை 5 வோல்ட்டுக்கு ஒரு 560 ஓம், மைனஸ் லைனைக் கிரவுண்டுக்கு ஒரு 560 ஓம். நடுவே 60 ஓம் இருந்தால் சுமார் 250 மில்லிவோல்ட் நிற்கும். இதை லைனில் ஒரே இடத்தில் மட்டும், ஆபீஸ் கன்ட்ரோலர் பக்கம் போடுங்கள். பல கன்ட்ரோலரில் இதுவும் உள்ளேயே ஸ்விட்சாக இருக்கும். உங்கள் நீளத்துக்கு 9600 பாட் வேகத்தில் டெர்மினேட்டரே இல்லாமலும் லைன் ஓடும் என்பது உண்மை. ஒரு பிட் 104 மைக்ரோ வினாடி நிற்கிறது. 100 மீட்டர் போய்த் திரும்புகிற எதிரொலி ஒரு மைக்ரோ வினாடியில் வந்து அடங்கிவிடும். மோட்பஸ் போன்ற இன்னொரு முறையான பேக்நெட் எம்.எஸ்.டி.பி.யில் 76800 வேகத்துக்கும் நீளமான லைனுக்கும் போகும்போது அந்தச் சலுகை கிடையாது. அதனால் டெர்மினேட்டரையும் பயாஸையும் சேர்த்தே போட்டுப் பழகிவிடுங்கள்.

ஏ, பி என்று போட்டிருப்பதை நம்பி வயர் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டர்டில் ஏ என்பது மைனஸ் பக்கம். பல கம்பெனிகள் ஏ என்பதையே பிளஸ் என்று எழுதுகின்றன. பேசவே இல்லை என்றால் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், அதனால் ஒன்றும் கெடாது. ஆனால் உங்களுடையது அவ்வப்போது பேசுகிறது என்பதால் இது காரணமில்லை.

இரண்டு வயர் லைன் என்று சொன்னாலும் மூன்றாவதாக ஒரு ரெஃபரன்ஸ் வயர் வேண்டும், கிரவுண்ட் அல்லது காமன் என்று டெர்மினலில் போட்டிருக்கும். ரிசீவர் தாங்குவது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். பின்னால் உள்ள சில்லரின் எர்த்தும் முன்னால் உள்ள ஆபீஸின் எர்த்தும் வேறு வேறு குழியில் இருந்தால் அதற்கு மேலேயே வித்தியாசம் வரலாம். ஷீல்டைக் கிரவுண்டாகப் பயன்படுத்தாதீர்கள். ஒரு ஜோடிக்கும் கூடுதலாக ஒரு கோர் உள்ள ஷீல்டு கேபிள் வாங்குங்கள். ஷீல்டு ஒவ்வொரு டெர்மினலிலும் தொடர்ந்து போக வேண்டும், எர்த் ஆபீஸ் பேனலில் மட்டும், கடைசி முனையில் வெட்டி டேப் சுற்றிவிட வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே கரண்ட் ஓடும்.

பம்ப் வி.எஃப்.டி. ஓடும்போது மட்டும் ஆஃப்லைன் ஆகிறதா என்று கவனியுங்கள். அப்படி என்றால் மோட்டார் கேபிளும் இதுவும் ஒரே ட்ரேயில் கிடக்கின்றன. ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குத்தாகக் குறுக்கிடட்டும். அலாரம் ரிலேயின் 24 வோல்ட் கேபிளும் மோட்பஸ் கேபிளும் பக்கத்தில் போகலாம், ஆனால் ஒரே கேபிளின் மீதிக் கோர்களில் அலாரத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு எலி, ஒரு கடி, இரண்டும் போய்விடும். முடிந்தால் வழியே வேறாக இருக்கட்டும். பழைய வீடுகளில் வேலை செய்யும்போது சுவரைத் தட்டாதீர்கள். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு உடைந்தால் அதே பளபளப்பில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். ஏற்கனவே உள்ள துவாரத்தையும் உத்திரத்தின் மேல் பக்கத்தையும் பார்த்து, ஜி.ஐ. பைப்பில் கொண்டுபோனால் எலிக்கும் பதில், வீட்டுக்கும் பாதுகாப்பு.

திறந்த வெளியைத் தாண்டிக் கேபிள் போனால் இரண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். நம் பக்கம் சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி மழையும் போர்ட்களைச் சாப்பிடும். இரண்டு தனிக் கட்டடம் என்றால் ஐசொலேட்டட் ரிப்பீட்டரோ ஃபைபரோ போட்டால் நிம்மதி. இன்னொன்று, மெகர் எடுக்கிற (வயரின் இன்சுலேஷனை அதிக வோல்டேஜில் சோதிக்கிற) ஆளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: கம்யூனிகேஷன் வயரைக் கழற்றாமல் 500 வோல்ட் கொடுத்தால் லைனில் உள்ள எல்லா போர்ட்டும் ஒரே நொடியில் போய்விடும்.

புரோகிராம் பக்கம் இரண்டு விஷயம். புத்தகத்தில் 40001 என்று இருந்தால் லைனில் அது 0. ஒரு எண் தள்ளிப் படித்தால் பக்கத்து ரெஜிஸ்டரின் மதிப்பு வந்து நிற்கும், தவறு என்றே தெரியாது. 7 டிகிரி தண்ணீர் 70 என்று வரும், பத்தால் வகுக்க வேண்டும். மைனஸ் குறியைக் கவனிக்காமல் விட்டால் மைனஸ் 0.5 டிகிரி 65531 என்று வந்து நிற்கும். கேட்கிற வேகத்தையும் குறையுங்கள். 9600இல் 20 ரெஜிஸ்டர் கேட்டுப் பதில் வாங்க 60 மில்லி வினாடிக்கு மேல் ஆகும், அதற்கு மேல் சில்லர் யோசிக்கிற நேரமும் உண்டு. இரண்டு வினாடிக்கு ஒரு தடவை கேட்டால் தாராளம். டைம்அவுட் ஒரு வினாடி, மூன்று முறை தொடர்ந்து பதில் இல்லை என்றால் ஆஃப்லைன் அலாரம். கம்யூனிகேஷன் போனால் சில்லர் தன் சொந்த செட் பாயின்டில் ஓட வேண்டும் என்று அதன் மெனுவில் அமைத்துவிடுங்கள். வயர் போனதற்காகக் கல்யாணம் வியர்க்கக் கூடாது.

கை வைக்கும் முன் ஒன்று. சில்லரின் மெயினை இறக்கிப் பூட்டு போட்டுவிட்டாலும் அலாரம் டெர்மினலிலும் பம்ப் இன்டர்லாக் டெர்மினலிலும் வேறு பேனலிலிருந்து சப்ளை நிற்கும். பழைய இடங்களில் அது 230 வோல்ட்டாகவே இருக்கும். அப்படி வெளியிலிருந்து வருகிற வயர்களுக்கு ஆரஞ்சு நிறம் போடுவது வழக்கம், ஆனால் எல்லோரும் போடுவதில்லை. ஒவ்வொரு டெர்மினலையும் மீட்டரில் பார்த்த பிறகே ஸ்க்ரூட்ரைவரை வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆபீஸில் ஒரு ஆளை உட்கார வைத்து, போனில் பேசிக்கொண்டே சோதியுங்கள். சில்லர் பக்கம் அலாரம் வயர் ஒன்றைக் கழற்றுங்கள், டைமர் நேரத்தில் ஹூட்டர் அடிக்க வேண்டும். மாட்டுங்கள், அடங்க வேண்டும். சில்லரின் கன்ட்ரோல் எம்.சி.பி.யை இறக்குங்கள், மறுபடி அடிக்க வேண்டும். மோட்பஸ் வயரைக் கழற்றுங்கள். திரையில் ஆஃப்லைன் வர வேண்டும், சில்லர் நிற்கக் கூடாது. பம்ப் வால்வை மெதுவாக மூடுங்கள், ஃப்ளோ ஸ்விட்ச் விட்டு சில்லர் நிற்க வேண்டும், ஹூட்டரும் அடிக்க வேண்டும். இதையே இரண்டாவது சில்லருக்கும் செய்யுங்கள். எந்த வயர் எந்த நம்பர் டெர்மினலிலிருந்து எங்கே போகிறது, எந்த அட்ரஸ், டைமர் எத்தனை வினாடி, சோதித்த தேதி என்ன என்று கையால் வரைந்தாவது ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கும் முன்னால் அந்த முதல் சோதனையை மட்டுமாவது, வயரைக் கழற்றி ஹூட்டர் அடிக்கிறதா என்று பார்ப்பதை, மண்டபத்து எலெக்ட்ரீஷியன் செய்து தேதி போடட்டும். ஓம் ரீடிங் எவ்வளவு வந்தது என்று எழுதி அனுப்புங்கள், அதற்குப் பிறகும் இரண்டாவது சில்லர் விழுந்தால் அங்கிருந்து மேலே பார்க்கலாம்.